இரண்டாம் ராமேசஸுக்கு ‘மகா’ என்னும் அடைமொழி தகுமா?

கல்தச்சன்:

பண்டைய எகிப்தைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்களில் பலர், இரண்டாம் ராமேசஸை ‘மகா ராமேசஸ்’ என்று எழுதிவிட்டு மறுபேச்சின்றிக் கடந்து போகிறார்கள். அந்த அடைமொழியை அவருக்கு வரலாறு கொடுத்ததா, அவருடைய சிற்பிகள் கொடுத்தார்களா என்பதே என் கேள்வி. என் தரப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கி.மு. 1279 முதல் 1213 வரை ஆண்ட இந்தப் பார்வோன் நெடுங்காலம் ஆண்டவர், நிறையக் கட்டியவர், அதைவிட நிறையத் தம்மைப் பற்றிப் பேசிக்கொண்டவர். ‘மகா’ என்பதற்கு இவை போதா.

காதேஷ் போரையே எடுத்துக்கொள்வோம். ஆட்சியின் ஐந்தாம் ஆண்டில், கி.மு. 1274 அளவில், இன்றைய சிரியாவில் ஒரோண்டிஸ் ஆற்றங்கரையில் இருந்த காதேஷ் கோட்டையை, இன்றைய துருக்கியில் பேரரசு நடத்திய ஹிட்டைட்டுகளிடமிருந்து மீட்க நான்கு படைப்பிரிவுகளோடு புறப்பட்டார். வழியில் எதிர்ப்பட்ட இரண்டு நாடோடிகள், ஹிட்டைட் மன்னர் முவத்தல்லி வெகுதொலைவில் அலெப்போ பக்கம் இருக்கிறார் என்று சொன்னதை அப்படியே நம்பி, பின்னால் வரும் படைகளுக்குக் காத்திராமல் ஒரே ஒரு பிரிவோடு முன்னேறி முகாம் அடித்தார். முவத்தல்லியோ கோட்டைக்குப் பின்புறமே மறைந்திருந்தார். அவருடைய தேர்ப்படை ஆற்றைக் கடந்து, வழியில் வந்துகொண்டிருந்த இரண்டாம் பிரிவைச் சிதறடித்து, முகாமுக்குள்ளும் புகுந்துவிட்டது. நல்ல வேளையாக வந்து சேர்ந்த துணைப்படை ஒன்று காப்பாற்றியிராவிட்டால், 66 ஆண்டு ஆட்சி ஐந்தாண்டோடு முடிந்திருக்கும்.

காதேஷ் ஹிட்டைட்டுகள் வசமே இருந்துவிட்டது. ஆனால் கர்னாக், லக்சர், அபிடோஸ், ராமேசியம், அபு சிம்பல் ஆகிய இடங்களின் கோயில் சுவர்களில், பகைவரின் தேர்ப்படையைத் தன்னந்தனியாகத் துவம்சம் செய்த வீரராக அவரே நிற்கிறார். மெய்க்கீர்த்திகளைப் படித்துப் பழகிய நமக்கு இந்த நடை புதிதன்று. அதை வரலாறாகவே ஏற்றுக்கொள்வதில்தான் சிக்கல்.

நைல்கரை:

நண்பர் கல்தச்சனுக்கு வணக்கம். நீங்கள் இவ்வளவு விவரமாகச் சொன்ன அந்தத் தோல்வியின் நுணுக்கங்கள் எங்கிருந்து கிடைத்தன என்று யோசித்தீர்களா? பெரும்பாலும் நீங்கள் குறைகூறும் அதே சுவர்களிலிருந்துதான். ஒற்றர்களிடம் ஏமாந்த கதையை ராமேசஸ் மறைக்கவில்லை. பின்னர் பிடிபட்ட ஹிட்டைட் ஒற்றர்களைத் தடியால் அடித்து உண்மையை வரவழைக்கும் காட்சியையும், எதிரி அருகிலேயே இருப்பதைக் கண்டறியாத அதிகாரிகளை மன்னர் கடிந்துகொள்வதையும் பொறித்தே வைத்திருக்கிறார். பழியை அதிகாரிகள் மேல் போட்டார் என்று நீங்கள் சொல்லலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வெறும் புளுகுமூட்டையாக இருந்திருந்தால் அந்தப் பகுதியே சுவரில் ஏறியிராது.

நான் அவரை மதிப்பது போருக்காகவும் அன்று. ஆட்சியின் 21ஆம் ஆண்டில், கி.மு. 1259 அளவில், ஹிட்டைட் மன்னர் மூன்றாம் ஹத்துசிலியோடு அவர் செய்துகொண்ட உடன்படிக்கைதான் என் சான்று. எகிப்திய மொழியில் கர்னாக்கிலும் ராமேசியத்திலும் அது பொறிக்கப்பட்டுள்ளது. அக்காடிய மொழியில் எழுதிய களிமண் பலகைகள் ஹிட்டைட் தலைநகரான ஹத்துசாவில் அகழ்ந்தெடுக்கப்பட்டன. இரு தரப்புப் படிகளும் நம் கையில் இருப்பதால், இங்கே சிற்பியின் புகழ்ச்சிக்கு இடமில்லை. ஒருவர் மண்ணில் மற்றவர் படையெடுப்பதில்லை, மூன்றாமவர் தாக்கினால் துணை நிற்பது என்பவற்றோடு, தப்பியோடியவர்களை ஒப்படைக்கும் விதி ஒன்றும் உண்டு. ஒப்படைக்கப்படுகிறவரின் வீட்டையும் மனைவியையும் மக்களையும் அழிக்கக்கூடாது. அவருடைய கண்ணுக்கும் காதுக்கும் வாய்க்கும் காலுக்கும் ஊறு செய்யக்கூடாது என்று உறுப்பு உறுப்பாக எண்ணிச் சொல்லியிருக்கிறார்கள். 3,200 ஆண்டுகளுக்கு முந்திய அரசாணை என்று நினைத்துக்கொண்டு அந்த வரியைப் படித்துப் பாருங்கள். ஹிட்டைட் பேரரசு சரியும் வரை இரு நாடுகளும் மறுபடி போரிடவில்லை. ராமேசஸின் மகன் மெர்னெப்தா, பஞ்சத்தில் வாடிய ஹிட்டைட் நாட்டுக்குத் தானியம் அனுப்பினார்.

மேகலை:

இருவரும் ராமேசஸைச் சுற்றியே பேசுவதால் இடையில் நுழைகிறேன். அடைமொழி யாருக்குத் தகும் என்றால், அவருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு முன்பு ஆண்ட பெண் பார்வோன் ஹட்செப்சுட்டை ஏன் யாரும் நினைப்பதில்லை? கி.மு. 1479 முதல் 1458 வரையிலான அவருடைய காலத்தில் அவர் பெயரை நிறுத்தியவை வணிகமும் கட்டடமும். செங்கடல் வழியாகப் புந்த் நாட்டுக்குச் சென்ற கப்பல்கள், நறுமணப் பிசின் தரும் மரங்களை உயிரோடு பெயர்த்துக் கொண்டுவந்தன. வேரும் மண்ணுமாகக் கூடைகளில் வைத்து, கழிகளில் கோத்து ஆட்கள் சுமந்து செல்வதை டெய்ர் எல்-பஹ்ரி கோயில் சுவரில் காணலாம். கப்பல்களுக்கு அடியில் நீந்தும் மீன்களைக்கூட இனம் பிரித்தறியும்படி செதுக்கியிருக்கிறார்கள். கர்னாக்கில் இன்றும் நிற்கும் அவருடைய ஒபெலிஸ்க், 29 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஒற்றைக் கருங்கல் தூண். மலையிலிருந்து அதை வெட்டியெடுக்க ஏழு மாதம் ஆயிற்று என்று அதன் அடியிலேயே கணக்கு எழுதி வைத்திருக்கிறார்.

அவர் இறந்து ஏறத்தாழ இருபது ஆண்டு கழிந்தபின், அவருடைய கணவரின் இன்னொரு மனைவிக்குப் பிறந்த மூன்றாம் துட்மோஸின் ஆட்சியின் பிற்பகுதியில், அவருடைய பெயரும் உருவமும் கொத்தி எடுக்கப்பட்டன. ராமேசஸுக்கு இதில் பங்கில்லை என்று சொல்லிவிடாதீர்கள். அவருடைய தந்தை முதலாம் சேத்தி, அபிடோஸ் கோயிலில் முன்னோர் 76 பேரின் பெயர்ப்பட்டியலைப் பொறித்தார். அதன் அருகே சிறுவன் ராமேசஸ் பாப்பிரஸ் சுருளை ஏந்தி நிற்கிறான். பட்டியலில் ஹட்செப்சுட் இல்லை. அக்நாதனும் துட்டன்காமனும் இல்லை. வளர்ந்து அரசரான பிறகு அதே மரபுப் பட்டியலைத் தம் கோயிலிலும் செதுக்க வைத்தார்.

புதியவன்:

குறுக்கிடுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். மோசேயை எதிர்த்த பார்வோன் இவர்தானே?

நைல்கரை:

திரைப்படங்கள் அப்படிக் காட்டுகின்றன, தம்பி. விவிலியம் அந்தப் பார்வோனின் பெயரைச் சொல்லவில்லை. எகிப்தியக் கல்வெட்டு எதுவும் அந்நிகழ்வைக் குறிக்கவில்லை. இஸ்ரேல் என்ற பெயர் வரும் மிகப் பழைய எகிப்தியக் கல்வெட்டு மெர்னெப்தாவினுடையது. அதற்குத் தனியே விவாதம் தொடங்கலாம்.

மேகலை அவர்களே, ஹட்செப்சுட்டின் பெருமையை நான் மறுக்கவில்லை. ஆனால் ராமேசஸ் பெண்களை மறைத்தவர் என்ற தொனி உங்கள் எழுத்தில் இருக்கிறது. அபு சிம்பலில் அரசி நெஃபெர்தாரிக்கென்று தனிக் குடைவரை ஒன்றை எடுத்தவர் அவர். அதன் முகப்பில் அரசியின் சிலை அரசரின் சிலைக்கு நிகரான உயரத்தில் நிற்கிறது. அரசியை அரசரின் முழங்காலளவுக்குச் செதுக்குவதே வழக்கமாயிருந்த நாட்டில் இது சிறிய செய்தியன்று.

கல்தச்சன்:

நைல்கரை அவர்கள் உடன்படிக்கையைக் காட்டி என்னைக் கொஞ்சம் அசைத்துவிட்டார் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அமைதி யாருடைய பெருந்தன்மை? ஹத்துசிலி தம் அண்ணன் மகனிடமிருந்து அரியணையைப் பறித்தவர். பறிகொடுத்தவர் எகிப்தில் அடைக்கலம் புகுந்திருந்தார். கிழக்கே அசீரியா வளர்ந்துகொண்டிருந்தது. அமைதி ஹத்துசிலிக்கே அதிகம் தேவைப்பட்டது. எகிப்தியப் படியில் ஹிட்டைட் தூதர்கள் அமைதி வேண்டி வந்தார்கள் என்றும், ஹிட்டைட் படியில் அதற்கு நேர்மாறாகவும் எழுதியிருப்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சிற்பியின் புகழ்ச்சிக்கு இடமில்லை என்றீர்களே!

அடுத்து, அவருடைய கட்டடங்கள். பல சிலைகள் அவருக்கு முன்னோருடையவை. மூன்றாம் அமன்ஹோதேப்பின் சிலைகளை எடுத்து, முகத்தையும் உடலையும் செதுக்கித் திருத்தி, தம் பெயரைப் பொறித்துக்கொண்டார். தமக்குப் பின்வருவோர் அதையே செய்துவிடக் கூடாது என்றோ என்னவோ, தம் பெயரை மட்டும் ஆழமாக வெட்டச் செய்தார். புகைப்படங்களில் பார்த்தாலே தெரியும்: மற்றவர்களின் பெயர்களில் நிழல் கோடாக விழும், இவருடைய பெயரில் நிழல் குழியாகத் தேங்கி நிற்கும்.

ஆட்சியின் நீளமும் நாட்டுக்கு நன்மையாக முடியவில்லை. பட்டத்துக்கு உரிய மூத்த மகன்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்துபோக, 13ஆவது மகனான மெர்னெப்தா முதுமையில் அரியணை ஏறினார். ராமேசஸ் இறந்து முப்பது ஆண்டு கடப்பதற்குள், வாரிசுரிமைச் சண்டைகளுக்கிடையே அவருடைய வம்சமே முடிந்துபோயிற்று.

மேகலை:

பெயரை ஆழமாக வெட்டியதைப் பற்றி ஒன்று. ஹட்செப்சுட்டின் பெயரைக் கொத்தியவர்கள் இலக்கணத்தைக் கொத்த மறந்துவிட்டார்கள். 1829இல் டெய்ர் எல்-பஹ்ரிக்கு வந்த ஷாம்போலியோன் என்ற பிரெஞ்சு அறிஞர், எகிப்திய எழுத்தைப் படித்தறிந்தவர், தாடியும் அரச உடையுமாக நிற்கும் ஒரு மன்னரைப் பற்றிய வாசகங்களில் பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் பெண்பாலாக வருவதைக் கண்டு திகைத்தார். ‘அவன்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘அவள்’ என்று சொல்லும் ஒரு விகுதி, மூவாயிரம் ஆண்டு மறைக்கப்பட்டவரைக் காட்டிக்கொடுக்கத் தொடங்கியது.

நைல்கரை:

அருமையான செய்தி. ராமேசஸின் தரப்பிலும் அதற்கு இணையான ஒன்று உண்டு. கல்தச்சன் அவர்களுக்கு அது பிடிக்காது. நைல் கழிமுகத்தில் அவர் எழுப்பிய தலைநகரம் பி-ராமேசஸ். அருகில் ஓடிய ஆற்றுக்கிளை தூர்ந்துபோனதால், பிற்கால மன்னர்கள் அந்நகரைக் கைவிட்டு, அதன் சிலைகளையும் கற்களையும் பெயர்த்துத் தானிஸ் நகருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். தானிஸில் தோண்டிய ஆய்வாளர்கள், எந்தக் கல்லைப் புரட்டினாலும் ராமேசஸின் பெயரே இருப்பதைக் கண்டு, அதுவே பி-ராமேசஸ் என்று நம்பினார்கள். உண்மையான நகரம் கந்தீர் என்னும் சிற்றூரின் வயல்களுக்கு அடியில் கிடந்தது.

கல்தச்சன்:

பிடிக்காது என்று யார் சொன்னது? அவருக்குப் பின்வந்தவர்கள் கல்லைக் கொண்டுபோனார்கள், பெயரை அழிக்க முடியவில்லை; ஆய்வாளர்களே ஏமாந்தார்கள். சிற்பிகள் கொடுத்த புகழ் என்று முதலில் நான் எழுதியதற்கு இதைவிட நல்ல சான்றை நானே தேடியிருக்க மாட்டேன்.

நைல்கரை:

நானும் இதை என் தரப்புக்கே சான்றாக எழுதினேன், ஐயா.