மறு: பெர்மாலிங்க்குக்கு 'நிரந்தர இணைப்பு' சரியா வருமா?

எல்லாருக்கும் வணக்கம்,

பெர்மாலிங்க்னா தளத்துல ஒரு பக்கத்துக்குன்னு மாறாம இருக்கற முகவரி. அதுக்குத் தமிழ்ல அக்கா இந்த இழைல சொன்ன 'நிரந்தர இணைப்பு' எழுத்துக்கு எழுத்து சரிதான், ஆனா போன வாரம் பட்ட பாட்டுக்கப்புறம் அந்த 'நிரந்தர'வப் பாத்தாலே எனக்கு சிரிப்பு வருது. மச்சானோட கருப்பட்டிக் கடை ஊகாமர்ஸ்ல (வேர்ட்பிரஸ் தளத்துல கடை போடற செருகுநிரல்) ஓடுது, தளத்துக்கு சர்வர் குடுக்கற ஹோஸ்டிங்காரங்க ராத்திரியோட ராத்திரியா வேற சர்வருக்கு மாத்திட்டாங்க, காலைல பாத்தா முகப்புப் பக்கம் ஜம்முனு தொறக்குது, எந்தப் பொருளைத் தட்டினாலும் 404, அதாவது பக்கமே இல்லங்குது. பெர்மாலிங்க் செட்டிங்ஸ்ல போய் ஒண்ணும் மாத்தாம சேவ் குடுன்னு எல்லாரும் சொல்ற கைவைத்தியம் இருக்குல்ல, ரெண்டு தடவ குடுத்தேன், கேக்கல. முகவரில பேர் இல்லாம வெறும் எண்ணா வர்ற 'ப்ளெய்ன்'னு மாத்தினேன், அத்தனையும் தொறந்துச்சு. அப்பதான் வெளங்குச்சு, டேட்டாபேஸ் நல்லாத்தான் இருக்கு, பழைய சர்வர்ல ஓடுன மென்பொருள் அப்பாச்சி, புதுசுல என்ஜின்எக்ஸ், பேர் வச்ச முகவரிய வேர்ட்பிரஸுக்கு அனுப்பற விதி இருக்கற டாட் எச்டிஆக்சஸ் ஃபைல அது ஏறெடுத்தும் பாக்காது. கேஷ் க்ளியர் பண்ணுங்கன்னே பாட்டு பாடிட்டிருந்த ஹோஸ்டிங்காரங்க கடைசில சர்வர் கான்ஃபிக்ல அதே வேலையச் செய்யற 'ட்ரை ஃபைல்ஸ்' வரியச் சேத்தாங்க.

இதுல ஒடஞ்சது இணைப்பா சொல்லுங்க? இணைப்புங்கறது நாம தட்டுறது, அது வாட்சப்ல இருக்கும், அடுத்தவன் பிளாக்ல இருக்கும், ஆயிரம் இருக்கும், அது போய்ச் சேர்ற முகவரிதான் காணாமப் போச்சு. அதனால என் ஓட்டு 'நிலைமுகவரி'. 'நிலைத்தொடுப்பு' வேண்டவே வேண்டாம், எங்க பக்கம் தொடுப்புன்னா அர்த்தமே வேற, கள்ள உறவு, கடைக்காரர்ட்ட 'உங்க தொடுப்புல பிரச்சனை'ன்னு சொல்லிட்டு நான் முழுசா வீடு திரும்பணும்.

அதவிட அவசரமா பேர் வேண்டியது ஸ்லக்குக்கு, அதான் முகவரியோட கடைசில பொருள் பேர் வர்ற துண்டு. கடைக்காரர் கை வைக்கிறது அதுலதான். வேர்ட்பிரஸ்ல அதுக்கு 200 பைட் தான் எடம், தமிழ் எழுத்த சதவீதக்குறி போட்டு மாத்தும்போது ஒண்ணொண்ணும் 9 பைட் ஆயிடுது, கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு, ஆக 22 குறிக்கு மேல தாங்காது. மச்சான் 'உடன்குடி பனங்கருப்பட்டி அரை கிலோ'ன்னு போட்டாரு, முதல் ரெண்டு வார்த்தையோட 22 முடிஞ்சு 'அரை கிலோ' அவுட். அடுத்து 'ஒரு கிலோ' போட்டா அதுவும் அதே பேருக்கு வந்து நிக்குது, பின்னாடி '-2' ஒட்டணும், அதுக்கு எடமில்லன்னு கடைசி 'டி'யோட மேல் வளைவ வெட்டி 'பனங்கருப்பட்ட-2'ன்னு ஆக்கிருச்சு!

முகவரியோட கடைசித் துண்டுங்கறதால மொதல்ல 'கடைப்பெயர்'னு யோசிச்சேன், கடை வச்சிருக்கறவர்ட்ட அது எடுபடாது. 'வால்பெயர்' எப்படி? "வால்பெயரச் சின்னதா வைங்க"ன்னேன், மச்சானுக்கு ஒடனே புரிஞ்சுது. இங்க யாராச்சும் இலக்கணப்படி அடிப்பீங்கன்னு தெரியும், அடிங்க.

'பனங்கருப்பட்ட-2'வ கையால திருத்தியாச்சு, பழைய வால்பெயர்ல வர்றவங்கள வேர்ட்பிரஸே புதுசுக்கு அனுப்பிடுது. அந்த ரீடைரக்ட்டுக்கு மட்டும் புதுசா இழை ஆரம்பிக்காதீங்க, விக்கிப்பீடியால 'வழிமாற்று'ன்னு ஏற்கனவே பொழங்குது.