மறு: ‘குவாண்டம் ஹப்’ ஆக வளரும் நகரத்துக்கு என்ன சொல்? ‘துறைநகர்’ என்று ஒரு முன்மொழிவு

வணக்கம் நண்பர்களே,

இந்த இழையை முதல் மடலிலிருந்து வாசித்து வருகிறேன். தம்பி கேட்டது ஒரே கேள்வி. குவாண்டம் தொழில்நுட்ப நிறுவனங்கள் ஒரு நகரத்தில் திரண்டால் அந்த நகரத்தை ‘ஹப்’ என்கிறார்கள், அதைத் தமிழில் எப்படிச் சொல்வது? மையம், நடுவம், முனையம், பேட்டை, தொழிற்கூடல், பள்ளத்தாக்கு என்று இதுவரை ஆறு சொற்கள் வந்துவிட்டன. எல்லாவற்றையும் எழுதிப் பார்த்தேன். பள்ளி மாணவர்களுக்கு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்ததால் எனக்கும் இந்தச் சொல் அவசரமாகத் தேவைப்பட்டது.

அணு அளவில் நடப்பதைப் பேசும் இயற்பியலைக் குறிக்கும் ‘குவாண்டம்’ என்பதை இப்போதைக்கு அப்படியே வைத்துக்கொள்கிறேன். இலங்கைப் பாடநூல்களில் ‘சத்திச்சொட்டு’ என்ற நல்ல மரபு இருக்கிறது. அதைப் பேசத் தனி இழை வேண்டும்.

முதலில் ‘மையம்’. பெரும்பாலானோர் இதற்குத்தான் கை தூக்கியிருக்கிறீர்கள். எழுத உட்கார்ந்ததும் எனக்குச் சிக்கல் தெரிந்தது. 2023 ஏப்ரலில் ஒன்றிய அமைச்சரவை தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. 2030-31 வரை 6,003.65 கோடி ரூபாய். அதன் கீழ் நான்கு ‘ஹப்’கள் அமைந்தன: குவாண்டம் கணிமைக்குப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், தகவல்தொடர்புக்கு ஒன்றிய அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு அமைப்பான சி-டாட் உடன் சேர்ந்து ஐஐடி மெட்ராஸ், உணரிகளுக்கும் அளவியலுக்கும் ஐஐடி பம்பாய், பொருட்களுக்கும் கருவிகளுக்கும் ஐஐடி டெல்லி. இந்த நான்கும் நகரங்கள் அல்ல. ஒரு நிறுவனம் தலைமை தாங்க, நாடு முழுவதும் உள்ள பல நிறுவனங்கள் அதனுடன் சேர்ந்து வேலை செய்யும் அமைப்புகள். பிரிட்டனும் 2014-இல் இதே பொருளில்தான் பர்மிங்காம், கிளாஸ்கோ, ஆக்ஸ்ஃபோர்டு, யார்க் பல்கலைக்கழகங்களின் தலைமையில் நான்கு ‘ஹப்’களைத் தொடங்கியது. இவற்றுக்கு ‘மையம்’ கச்சிதமாகப் பொருந்துகிறது.

அதே சொல்லை நகரத்துக்கும் கொடுத்தால் என்ன ஆகும்? என் வரைவில் வந்த வாக்கியத்தைப் பாருங்கள்: “பெங்களூரு ஒரு குவாண்டம் மையம். அங்கே இந்திய அறிவியல் கழகத்தில் ஒரு குவாண்டம் மையம் இருக்கிறது. அந்த மையத்தோடு பல ஆராய்ச்சி மையங்கள் இணைந்துள்ளன.” படிக்கிற பிள்ளைக்கு எது ஊர், எது கட்டடம், எது கூட்டமைப்பு என்று எப்படித் தெரியும்? ‘நடுவம்’ அழகான சொல்தான், ஆனால் அதுவும் இதே குழியில்தான் விழுகிறது. ‘முனையம்’ பேருந்துக்கும் விமானத்துக்கும் போய்விட்ட சொல். ‘பேட்டை’ நகரத்துக்குள் இருக்கும் தொழிற்பூங்காவுக்குச் சரியாக வரும், நகரத்துக்கு வராது.

அப்புறம் ‘பள்ளத்தாக்கு’. கனடாவின் வாட்டர்லூவை ‘குவாண்டம் வேலி’ என்கிறார்கள். இப்போது ஆந்திரத்தில் அமராவதிக்கும் அதே பெயர். சிலிக்கன் பள்ளத்தாக்குக்கு ஒரு காரணம் இருந்தது, கலிபோர்னியாவின் சாந்தா கிளாரா உண்மையிலேயே பள்ளத்தாக்கு. கிருஷ்ணை ஆற்றங்கரைச் சமவெளியில் இருக்கும் அமராவதியில் பள்ளமும் இல்லை, தாக்கும் இல்லை. ஒலிபெயர்த்து ‘குவாண்டம் வேலி’ என்று எழுதினால் தமிழ் வாசகருக்கு முள்வேலிதான் முதலில் கண்ணில் படும், அடுத்து நில அளவு. எல்லோரும் வந்து சேரும் இடத்துக்கு, உள்ளே விடாமல் தடுக்கும் ஒன்றின் பெயரா? சிறப்புப் பெயராக இருக்கும் இடத்தில் அதை மாற்ற நமக்கு உரிமை இல்லை. பொதுச்சொல்லாக அது வேண்டாம் என்பது என் கருத்து.

‘ஹப்’ என்பதன் வேர்ப்பொருள் சக்கரத்தின் நடுப்பகுதிதானே, அதற்கு வண்டித் தச்சர்கள் சொல்லும் ‘குடம்’ இருக்கிறதே என்று ஐயா நினைவூட்டியிருந்தார். குடம், ஆரக்கால், வட்டை என்று அந்தச் சொற்களைப் படித்தபோது மனம் நிறைந்தது. தண்ணீர்க்குடம் குறுக்கே வரும் என்று ஒருவர் மறுத்திருந்தார். என் மறுப்பு வேறு. சக்கரத்தில் ஆரக்கால்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஒவ்வொன்றும் குடத்தோடு மட்டுமே சேர்கிறது. விமான நிறுவனங்கள் எல்லாப் பயணிகளையும் ஒரே நிலையத்துக்குக் கொண்டுவந்து மாற்றி அனுப்பும் முறைக்கு அந்தப் படிமம் பொருந்தும். குவாண்டம் நகரம் அப்படி இயங்குவதில்லை.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு லட்சத்துக்குச் சற்று மேல் மக்கள் வாழும் சிறிய ஊர். தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் டிஎன்ஓ ஆராய்ச்சி அமைப்பும் சேர்ந்து அங்கே கியூடெக் என்ற நிறுவனத்தை உருவாக்கின. 2015-இல் அந்த வளாகத்தில் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த இரண்டு ஆய்வகங்களுக்கு இடையே, தொலைவில் உள்ள இரண்டு துகள்கள் குவாண்டம் முறையில் பிணைந்திருக்கின்றனவா என்று பார்க்கும் பெல் சோதனையை, வேறு விளக்கத்துக்கு இடம் தரும் ஓட்டைகள் இல்லாமல் செய்து காட்டினார்கள். அந்த ஆய்வகச் சூழலிலிருந்து பிறந்த நிறுவனங்களைப் பாருங்கள். குவான்ட்வேர், தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தும் மீகடத்தியால் ஆன சில்லு செய்கிறது. டெல்ஃப்ட் சர்க்யூட்ஸ் கடுங்குளிரில் வேலை செய்யும் கம்பிவடம் செய்கிறது. கியூபிளாக்ஸ், குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகளான கியூபிட்டுகளை ஆட்டுவிக்கும் மின்னணுக் கருவி செய்கிறது. எதுவும் முழுக் கணினியைச் செய்யவில்லை. ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தேவை. இவற்றைச் சேர்த்து 2025-இல் டியூனா-5 என்ற கணினியை எழுப்பினார்கள்.

இந்தப் பாகங்கள் எல்லாம் ஒரே ஊரில் கிடைத்துவிடுமா என்றால், கிடைக்காது. மீகடத்திக் கியூபிட் வேலை செய்ய வேண்டுமானால் குளிரின் கடைசி எல்லையான தனிச்சுழிக்கு மேல் ஏறத்தாழ ஒரு கெல்வினின் நூறில் ஒரு பங்கு வரை குளிர வேண்டும். ஹீலியம்-3, ஹீலியம்-4 கலவையை வைத்துக் குளிர்விக்கும் அந்தப் பெட்டிகளுக்கு உலகம் முழுவதும் அறியப்பட்ட பெயர் ஃபின்லாந்தின் புளூஃபோர்ஸ். ஹீலியம்-3 கிடைப்பதோ பெரும்பாலும் அணு ஆயுதங்களுக்காகச் சேர்த்து வைத்த டிரிட்டியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் சிதைவதால். எங்கிருந்தோ குளிர்பெட்டி வந்து இறங்குகிறது, வேறெங்கிருந்தோ வாயு வருகிறது, ஆராய்ச்சி மாணவர்கள் பல நாடுகளிலிருந்து வருகிறார்கள். சில்லும் வடமும் கருவியும் அந்த ஊரிலிருந்து பிற நாட்டு ஆய்வகங்களுக்குப் புறப்பட்டுப் போகின்றன.

வருவதும், மாறுவதும், போவதுமான இந்த ஊருக்குத் தமிழில் சொல் இல்லையா? இருக்கிறது. துறை.

சோழரின் பழைய துறைமுகமான புகாருக்கு, அதாவது காவிரிப்பூம்பட்டினத்துக்கு, குதிரை கடல் வழியாக வந்தது. மிளகு மூட்டை நிலத்தின் வழியாக வந்தது. இரண்டில் எதுவும் புகாரில் விளைந்ததல்ல. இருந்தும் புகார் பெருநகரமாக இருந்தது, அங்கே துறை இருந்ததால். அதனால் நான் முன்வைக்கும் சொல்: குவாண்டத் துறைநகர்.

இதில் இன்னொரு நன்மையும் உண்டு. அறிவின் ஒரு பிரிவை நாம் ஏற்கெனவே துறை என்றுதான் சொல்கிறோம்: இயற்பியல் துறை, மருத்துவத் துறை. ‘குவாண்டத் துறைநகர்’ என்று படிப்பவர் ‘குவாண்டத் துறைக்கான நகர்’ என்று எடுத்துக்கொண்டாலும் சரி, ‘குவாண்டத்துக்குத் துறைமுகம் போன்ற நகர்’ என்று எடுத்துக்கொண்டாலும் சரி. இரண்டு வழியிலும் பொருள் சரியான இடத்துக்கே போய்ச் சேர்கிறது. இப்படி ஒரு வாய்ப்பு கலைச்சொல் ஆக்கத்தில் அபூர்வமாகத்தான் அமையும். விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் மறுப்புகளுக்குக் காத்திருக்கிறேன்.

* * *

வணக்கம்.

மூன்று நாளில் இத்தனை மடல்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, மிக்க நன்றி. வரிசையாகச் சொல்கிறேன்.

> கடலும் ஆறும் இல்லாத ஊரைத் துறை என்பது பொருந்துமா?

துறைக்குக் கடல் கட்டாயம் இல்லை. குளத்துக்கும் படித்துறை உண்டு. இறங்குவதற்கும் ஏறுவதற்கும் இடம் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ‘இயற்பியல் துறை’ என்னும்போது யாரும் தண்ணீரைத் தேடுவதில்லை. ஆனால் இந்தக் கேள்வியால் எனக்கு ஒன்று நினைவுக்கு வந்தது. சிகாகோவில் இல்லினாய் மாநிலம் ஒரு குவாண்டம் பூங்கா அமைக்கிறது, 2024-இல் அறிவித்தார்கள். கலிபோர்னியாவின் சைகுவாண்டம் அங்கே இடம் எடுக்கும் முதன்மை நிறுவனம். அந்த நிலம் முன்பு சவுத் வொர்க்ஸ் என்ற எஃகு ஆலை இருந்த இடம். மிச்சிகன் ஏரியில் கப்பலில் வந்த இரும்புத்தாது இறங்கிய கரை அது. 1992-இல் ஆலை மூடப்பட்டது. அங்கே மட்டும் துறை என்ற சொல் நேர்ப்பொருளிலும் நிற்கும்.

> ஏன் பட்டினம் என்றே சொல்லக்கூடாது? இன்னும் தமிழாக இருக்குமே.

அக்கா, இந்தச் சொல்லில் எனக்கும் ஆசை உண்டு. இரண்டு நாள் அதையே எழுதிப் பார்த்தேன். பட்டினம் என்றதும் நாகப்பட்டினம், காவிரிப்பூம்பட்டினம் என்று ஊர்ப்பெயராகவே காதில் விழுகிறது. “டெல்ஃப்ட் ஒரு குவாண்டப் பட்டினம்” என்றால் பரவாயில்லை. “குவாண்டப் பட்டினக் கொள்கை”, “குவாண்டப் பட்டின முதலீடு” என்று அடுத்த சொல் சேர்ந்ததும் எங்கோ அப்படி ஓர் ஊர் இருப்பதாகத் தோன்றிவிடுகிறது. கலைச்சொல் என்றால் முன்னும் பின்னும் பிற சொற்கள் ஒட்ட இடம் கொடுக்க வேண்டும். துறைநகர்க் கொள்கை, துறைநகர் வளர்ச்சி என்று இது இழுத்த பக்கம் வருகிறது.

> ‘தொழிற்கூடல்’ ஏன் கைவிடப்பட்டது?

தொழிற்கூடத்தால்தான். ஒரே ஓர் எழுத்து வேறுபாடு. அச்சில் ‘ல்’ இடத்தில் ‘ம்’ விழுந்தால் ஒரு நகரம் ஒரு பட்டறையாகிவிடும், மெய்ப்பு பார்ப்பவர் கண்ணிலும் படாது. தனியாக நிற்கும் ‘கூடல்’ எனக்கு மிகப் பிடித்த சொல். ஆனால் அதில் வருவது இருக்கிறது, போவது இல்லை.

இந்த ‘போவது’ ஏன் முக்கியம் என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். இதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

‘ஹப்’ என்ற பெயரை எந்த அரசும் எந்த ஊருக்கும் சூட்டலாம். ‘மையம்’ என்று மொழிபெயர்த்தால் அறிவிப்பு வந்த நாளிலேயே அந்த ஊர் மையமாகிவிடும். கட்டடம் எழுந்தால் போதும். துறைநகர் என்று எழுதும்போது எழுதுபவருக்கே ஒரு கேள்வி வருகிறது: இங்கே என்ன வந்து இறங்குகிறது, இங்கிருந்து என்ன புறப்படுகிறது? அமராவதியில் ஆந்திர அரசு ஐபிஎம், டிசிஎஸ், எல் அண்ட் டி ஆகியவற்றோடு 2025-இல் ஒப்பந்தம் செய்தது. 156 கியூபிட் ஹெரான் செயலி கொண்ட ஐபிஎம் இயந்திரத்தை அங்கே நிறுவுவது திட்டம். அது பெரிய வரவு, மகிழ்ச்சியான செய்தி. அந்த இயந்திரத்தைச் சுற்றி நிரல் எழுதுவோரும் கருவி செய்வோரும் குடியேறி, அவர்கள் செய்தது வெளியூர் போகத் தொடங்கும்போது துறைநகர் என்ற சொல் அதற்கு முழுமையாகச் சேரும். அதுவரை ‘துறைநகராக வளர முயலும் அமராவதி’ என்று எழுதலாம். இந்த வேறுபாட்டை வாக்கியத்திலேயே காட்ட முடிவதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

பெங்களூருவுக்கு இப்போதே அந்தப் பெயரைத் தரலாம் என்பேன். கியூபிஏஐ நிறுவனம் 25 கியூபிட் மீகடத்திக் கணினியை 2025-இல் அங்கிருந்து வெளியிட்டது. குவாண்டம் முறையில் மறைக்குறியீட்டுச் சாவி பகிரும் கருவிகளைச் செய்யும் கியூநு லேப்ஸ் ஐஐடி மெட்ராஸின் ஆராய்ச்சிப் பூங்காவில் தொடங்கி வளர்ந்த நிறுவனம், இன்று பெங்களூருவிலிருந்து இயங்குகிறது. விதை ஓர் ஊரில், வணிகம் இன்னோர் ஊரில். புகாரில் குதிரை விளையாதது போலத்தான். சீனத்தின் ஹெஃபெய் இதற்கு நேர் எதிர். அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அங்கேயே இருக்கிறது, அதிலிருந்து கிளைத்த குவாண்டம்சிடெக் 2020-இல் ஷாங்காய் பங்குச் சந்தையில் இறங்கியது. நிறுவனங்கள் வரிசையாக அமைந்த தெருவையே அங்கே ‘குவாண்டம் பெருஞ்சாலை’ என்கிறார்கள்.

> வாட்டர்லூ?

வாட்டர்லூவும் துறைநகர்தான். 2002-இல் குவாண்டம் கணிமைக்கான ஆராய்ச்சி நிறுவனம் அங்கே தொடங்கியது, பிளாக்பெர்ரி புகழ் மைக் லசாரிடிஸ் தன் பணத்தை அதில் போட்டார். ஒரு கைபேசி வணிகத்தில் வந்த செல்வம் அடுத்த துறைக்கு அங்கேயே கப்பல் மாறியது.

கணினி வலைப்பின்னலில் வரும் ‘ஹப்’ கருவிக்கும் இதையே சொல்லலாமா என்று ஒரு மடல். வேண்டாம். ஆங்கிலத்தில் ஒரே சொல் என்பதற்காகத் தமிழிலும் ஒன்றே இருக்க வேண்டியதில்லை. நிறுவனங்களின் கூட்டமைப்புக்கு மையம், நகருக்குள் இருக்கும் பூங்காவுக்குப் பேட்டை, நகரத்துக்குத் துறைநகர். அந்தக் கருவிக்கு ஐயாவின் ‘குடம்’ பொருந்தும் என்றே எனக்குத் தோன்றுகிறது, அங்கே எல்லாக் கம்பிகளும் நடுவில்தானே சேர்கின்றன.

ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. மகர ஈறு என்பதால் ‘குவாண்டத் துறைநகர்’ என்று ஒற்று மிகுத்து எழுதினேன், மரக்கிளை போல. ஆனால் நாளிதழ்களில் ‘குவாண்டம் கணினி’ என்றே பழகிவிட்டது, ‘குவாண்டக் கணினி’ அருகித்தான் வருகிறது. கடன்சொல்லின் இறுதி ‘ம்’ தமிழ் விதிப்படி கெடலாமா, அல்லது அப்படியே நிற்க வேண்டுமா? நம்மில் இலக்கணம் முறையாகப் படித்தவர் நீங்கள்தான், அக்கா. நீங்கள் சொல்கிறபடி கட்டுரையில் திருத்திக்கொள்கிறேன்.