லாகை நம்பி ஏமாந்த கதைகள்

நடுராத்திரி_கிரான்:
போன வருடம் நடந்தது, இன்னும் உறுத்துகிறது. ராத்திரி 2 மணிக்கு ஓடும் பேக்கப் ஜாப். லாகில், அதாவது புரோகிராம் தன் வேலையைக் குறித்து வைக்கும் ஃபைலில், ‘எரர்’ என்று தொடங்கும் வரி வந்தால் என் போனுக்கு மெசேஜ் வரும்படி தொப்பிக் குறியோடு (^, ‘வரியின் தொடக்கத்தில்’ என்று பொருள்) ஒரு கிரெப் (வரி தேடும் கமாண்ட்) போட்டிருந்தேன். ஒன்பது நாள் ஒன்றும் வரவில்லை, நிம்மதியாகத் தூங்கினேன். பத்தாம் நாள் ஒரு ஃபைலை மீட்கப் போனால் பேக்கப்பே இல்லை. லாகை, ஃபைலை அப்படியே திரையில் கொட்டும் கேட் கமாண்ட் போட்டுப் பார்த்தேன்: வரிக்கு வரி எரர், அழகான சிவப்பில். கிரெப்போ பூஜ்யம் என்கிறது. கடைசியில் லெஸ்ஸில் திறந்தேன், அது மறைந்திருக்கும் குறிகளையும் காட்டும். ஒவ்வொரு எரருக்கும் முன்னால் ஒரு எஸ்கேப், ஒரு சதுர அடைப்பு, 31: டெர்மினலுக்கு (கமாண்ட் அடிக்கும் திரை) ‘சிவப்பில் காட்டு’ என்று சொல்லும் குறி. அதனால் எந்த வரியும் ‘எரர்’ என்று தொடங்கவேயில்லை. கலர் சேர்த்த புண்ணியவான் நானேதான்.

குழாய்_வித்தகன்:
கலர் என்ன பாவம் செய்தது? அவுட்புட் டெர்மினலுக்குப் போகிறதா என்று இஸ்-ஏ-டிடிஒய் என்ற ஃபங்ஷனைக் கேளுங்கள், இல்லையென்றால் கலரை நிறுத்துங்கள். கலர் வேண்டாம் என்று பயனர் நோ-கலர் என்ற என்விரான்மென்ட் வேரியபிள் வைத்திருந்தாலும் நிறுத்த வேண்டும். எனக்கு நடந்தது: சிஎஸ்வியின் (கமா போட்டுப் பிரித்த அட்டவணை ஃபைல்) முதல் கட்டத்தில் “கனெக்ட் ஆகிறது...” என்று கணக்குப் பிரிவுக்குப் போய்விட்டது. அதனால் சொல்கிறேன், டேட்டா மட்டும் ஸ்டாண்டர்ட் அவுட்டில், பேச்செல்லாம் ஸ்டாண்டர்ட் எரரில்; இரண்டும் புரோகிராம் எழுதும் தனித்தனிக் குழாய்கள். பைத்தானின் லாகிங் மாட்யூல் நாம் ஒன்றும் அமைக்காவிட்டாலும் ஸ்டாண்டர்ட் எரரில்தான் எழுதும். ஆனால் வார்னிங் என்ற நிலைக்குக் கீழே உள்ள டீபக் போன்ற எதையும் காட்டாது. “டீபக் போட்டேன், வரவில்லை” என்று வாரம் ஒருவராவது என்னிடம் வந்து நிற்கிறார்கள். அப்புறம் நேரத்தை...

மண்டை_காய்ந்தவள்:
அண்ணா, மூச்சு விடுங்கள். என்னுடையது சி புரோகிராம், செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தொடக்கூடாத மெமரியைத் தொட்டு விழுந்தது. லாகின் கடைசி வரி ‘ரெக்கார்ட் 41’ என்று பாதியில் அறுந்து நின்றது. இரண்டு நாள் அந்த 41-ஐயே நோண்டினேன். சும்மா எல்எஸ் (ஃபைல்களைப் பட்டியலிடும் கமாண்ட்) போட்டபோது கண்ணில் பட்டது: ஃபைல் அளவு மிகச் சரியாக 8192 பைட். இரண்டு 4096! ஃபைலுக்குப் போகும்போது பிரின்ட்எஃப் (சி-யில் எழுத்தை வெளியிடும் ஃபங்ஷன்) அவ்வளவு பஃபரில், அதாவது தற்காலிக மெமரியில், சேர்த்து வைத்துத்தான் எழுதுகிறது. மிச்சம் பஃபரோடு போயே போச்சு. உண்மையில் விழுந்தது எங்கேயோ ஐம்பது ரெக்கார்ட் தள்ளி. திரையில் ஓட்டியிருந்தால் வரிக்கு வரி வந்திருக்கும்.

நடுராத்திரி_கிரான்:
@குழாய்_வித்தகன் டெர்மினல்தானா என்று பார்க்கும் அந்த டிடிஒய் செக் இருந்தது அண்ணே. எல்லாம் பதிவாகட்டும் என்று ஜாபை லினக்ஸின் ‘ஸ்கிரிப்ட்’ கமாண்டுக்குள் ஓட்டினேன். அது ஒரு பொய் டெர்மினலைத் திறந்து கொடுக்கும். செக் கேட்டது, “ஆமாம், டெர்மினல்தான்” என்று பதில் வந்தது.