மறு: சப்ராக்சிலிக் வண்டுக்குத் தமிழில் என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் மறுபடி ஒருமுறை படித்துவிட்டு எழுதுகிறேன். மரம் வெட்டிப் பயன்படுத்தும் இலையுதிர் காடுகளில் வண்டு வகைகள் எப்படிக் குறைகின்றன என்ற கட்டுரையைத் தமிழில் எழுதும்போது 'சப்ராக்சிலிக்' (செத்த மரத்தையோ சாகும் மரத்தையோ நம்பி வாழும்) என்ற சொல்லில் வந்து முட்டிக்கொண்டோம். கிரேக்கத்தில் 'சப்ரோஸ்' என்றால் அழுகியது, 'சைலான்' என்றால் மரம். அதை அப்படியே தமிழில் போட்டால் 'அழுகுமர வண்டு'. காய்கறி அழுகும், மரம் அழுகும் என்று யார் சொல்கிறார்கள்? சரி, மற்றவற்றுக்கு வருகிறேன்.

> 'மரமட்குண்ணி' என்று வைக்கலாமே. 'மட்குண்ணி' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

எனக்கு இடிப்பது 'உண்ணி'தான். மாட்டுக் காதில் தொங்கும் உண்ணி நினைவுக்கு வருவதை விட்டுவிடலாம், பொருளே பொருந்தவில்லை. 1989இல் மார்ட்டின் ஸ்பைட் ஐரோப்பிய மன்றத்துக்கு எழுதிய அறிக்கையில் உள்ள வரையறையைப் பாருங்கள். வாழ்நாளில் ஏதாவது ஒரு பருவத்தில் செத்த மரத்தையோ சாகும் மரத்தையோ நம்பியிருப்பவை. மரத்தில் வளரும் காளானை நம்பியிருப்பவை. இப்படி வாழும் பிற உயிர்களை நம்பியிருப்பவை. மூன்றும் இதற்குள் அடக்கம். கிளெரிடே குடும்பத்தில் பல வண்டுகள் பட்டைவண்டுகளை (மரப்பட்டைக்குள் வாழ்பவை) துரத்திப் பிடித்துத் தின்னும், மரத்தைத் தின்பதில்லை. அம்புரோசியா வண்டு மரத்தைக் குடைகிறது, ஆனால் மரம் அதற்கு உணவு இல்லை. குடைந்த சுரங்கத்தில் பூஞ்சையைப் பயிரிட்டு அதைத்தான் தின்கிறது. இவற்றை எல்லாம் 'உண்ணி' என்பது பொய். ஆகவே சொல்லின் பின்பாதியில் 'சார்' (சார்ந்து வாழ்வது) வரட்டும். அதில் பெரிய சண்டை வராது என்று நினைக்கிறேன்.

சண்டை முன்பாதியில்தான்.

> 'பட்டமர வண்டு'! எவ்வளவு அழகான சொல்!

அழகுதான் ஐயா, எனக்கும் ஆசைதான். ஆனால் பட்டமரம் என்றால் நம் மனத்தில் வருவது இலையில்லாமல் நிற்கும் முழு மரம். விழுந்து கிடக்கும் கட்டைக்கு அது சரியாக ஒட்டாது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். உயிருள்ள மரத்தை என்ன செய்வது? ஆஸ்மோடெர்மா எரிமிட்டா என்ற வண்டு (துறவி வண்டு என்றே அழைக்கலாம்) பழைய ஓக் மரங்களின் பொந்துக்குள் சேரும் மரமட்கில், அதாவது மட்கிய மரத்தூளில், வாழ்கிறது. அந்த மரம் ஆண்டுதோறும் தளிர்க்கும். உள்ளே மட்டும்தான் இற்றுப்போயிருக்கும். சுவீடனில் செய்த ஆய்வு ஒன்றில், வளர்ந்த வண்டுகளில் ஏறத்தாழ 15 விழுக்காடுதான் தான் பிறந்த மரத்தை விட்டு வெளியே போகின்றன என்று கண்டார்கள். துறவி என்ற பேர் சும்மா வரவில்லை. இப்போது வனத்துறைக் கையேட்டில் 'பட்டமர வண்டுகளைக் காப்போம்' என்று எழுதினால் என்ன நடக்கும்? பட்டமரம் நாலை விட்டுவைத்துவிட்டு, தளிர்த்து நிற்கும் பொந்து மரத்தைக் கோடரியால் தீர்த்துவிடுவார்கள். கையேட்டை அப்படியே பின்பற்றியிருப்பார்கள், வண்டு போயிருக்கும்.

தமிழில் 'மரம்' என்பது நிற்கும் மரத்தையும் குறிக்கிறது, மேசை செய்யும் மரத்தையும் குறிக்கிறது. ஆனால் வினைச்சொல் இரண்டையும் பிரித்துவிடுகிறது. பட்டுப்போவது நிற்கும் மரம். உளுத்துப்போவது கட்டை. உயிருள்ள மரத்தின் நடுப்பகுதியும் உளுக்கலாம், விழுந்த கிளையும் உளுக்கலாம், அடிக்கட்டையும் உளுக்கலாம். அதனால் என் முன்மொழிவு: உளுமரம், உளுமரஞ்சார் வண்டு, பெயராக வேண்டுமானால் உளுமரச்சார்பி.

> உளுத்தது என்றால் மாவாகிப்போனது. நேற்று விழுந்த மரத்தில் இன்று நுழையும் பட்டைவண்டு விடுபட்டுவிடுமே?

நல்ல கேள்வி, இரண்டு நாள் யோசித்தேன். 'உளுத்தமரம்' என்று வைத்தால் விடுபடும்தான். ஆனால் 'உளுமரம்' வினைத்தொகை. குடிநீரை நினைத்துக்கொள்ளுங்கள். உளுத்த மரம், உளுக்கின்ற மரம், இனி உளுக்கும் மரம் மூன்றும் அதில் அடங்கும். நேற்று விழுந்த கட்டையும் இனி உளுக்கும் மரம்தானே. ஆங்கிலத்தின் 'டெட்வுட்'டுக்கும் (செத்த மரம்) இதே சொல் போதும்.

அது முக்கியம், ஏனென்றால் கட்டுரையின் எண்கள் எல்லாம் அதன்மேல்தான் நிற்கின்றன. ஐரோப்பாவில் வெட்டாமல் விட்ட 86 பீச் மரக் காட்டுக் காப்பகங்களைத் தொகுத்துப் பார்த்ததில் எக்டேருக்குச் சராசரியாக 130 கன மீட்டர் உளுமரம் இருந்தது. தாழ்நில ஓக், பீச் காடுகளில் வண்டு வகைகள் நிலைக்க 30 முதல் 50 கன மீட்டராவது வேண்டும் என்கிறார்கள். வெட்டிப் பயன்படுத்தும் காடுகள் பலவற்றில் அதுகூட இருப்பதில்லை. அளவு மட்டும் போதாது என்பது வேறு கதை: வெயில் படும் கட்டையில் ஒரு கூட்டம், நிழலில் இன்னொரு கூட்டம்; தடித்த அடிமரத்தில் வருவது மெல்லிய சுள்ளியில் வராது. ரொசாலியா அல்பினா என்ற நீல வண்டுக்கு வெயிலில் காயும் பீச் கட்டை என்றால் உயிர். கோடையில் வெட்டி அடுக்கிய மரக்குவியலில் ஆசையாக வந்து முட்டையிடும், அப்புறம் லாரி வந்து முட்டையோடு ஏற்றிப்போய்விடும்.

> 'உளுத்தல்' இழிவான சொல் அல்லவா? காக்க வேண்டிய உயிருக்கு அதையா வைப்பது?

வீட்டுக் கதவில் இழிவு. காட்டில் அதுதான் வேலை.

மற்றபடி, நிற்பது பட்டமரம், கிடப்பது வீழ்கட்டை, வெட்டியபின் மிஞ்சுவது அடிக்கட்டை என்று வைத்திருக்கிறேன். மூன்றும் உளுமரத்தின் வகைகள். மரம் வெட்டிப் பயன்படுத்தும் காட்டுக்கு 'மேலாண்மைக் காடு' என்பது மட்டும் வாயில் ஒட்டவில்லை. 'காப்புக்காடு' எழுதவும் முடியாது, அரசு ஆவணங்களில் அதற்கு வேறு பொருள் இருக்கிறது. 'வெட்டுமுறைக் காடு' எப்படி?