புதுப்பிப்பு: புது இன்டர்ஃபேஸ் வாங்கவில்லை, இரைச்சலும் எதிரொலியும் போய்விட்டன

சென்ற மாதம் கேட்டிருந்தேன்: சிங்கப்பூர் ஈசூனில் உள்ள என் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பாடிப் பதிவு செய்தால் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல், குரலும் கிணற்றுக்குள் இருந்து வருவது போல, 700 வெள்ளிக்குப் புது இன்டர்ஃபேஸும் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) நுண்ணிய ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் மைக்கும் வாங்கலாமா என்று. பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் இரைச்சல். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள் என்று ஓர் அண்ணன் எழுதியிருந்தார். கழற்றியதும் நின்றுவிட்டது. மின் இணைப்பு வழியாக வந்த கிரவுண்ட் லூப்தான் (கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகி இரைச்சல் தருவது) காரணம். இப்போது பேட்டரியிலேயே பதிவு செய்கிறேன்.

எதிரொலிக்கு, கூடத்தை விட்டுப் படுக்கையறைக்குப் போகச் சொன்ன அக்காவின் யோசனை பலித்தது. ஒன்று மட்டும் கவனியுங்கள். போர்வையை முதலில் மைக்குக்குப் பின்னால் தொங்கவிட்டேன், பெரிய மாற்றம் இல்லை. என்னுடையது போன்ற கார்டியாய்ட் வகை மைக் தன் முன்பக்கத்தைத்தான் அதிகம் கேட்கும். என் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி நேரே அதற்குள் போகிறது. போர்வையை எனக்குப் பின்னால் மாற்றினேன், துணி நிறைந்த அலமாரியையும் திறந்து வைத்தேன். குரல் அப்படியே பக்கத்தில் வந்துவிட்டது!

எதிர்பாராதது ஏர்கானின் உறுமல். அணைத்தால் பத்து நிமிடத்தில் வியர்த்துவிடும். அப்புறம் 80 ஹெர்ட்ஸில் ஹை-பாஸ் ஃபில்டர் (அதற்குக் கீழுள்ள தாழ்ந்த ஒலிகளைக் குறைப்பது) போட்டேன், பெரும்பகுதி அடங்கியது. என் சுருதி ஒரு கட்டை. மந்திர பஞ்சமமே (கீழ் ஸ்தாயியின் ‘ப’) ஏறக்குறைய 98 ஹெர்ட்ஸ், அதாவது 80-க்கு மேல், என்பதால் குரலுக்குச் சேதமில்லை.

மொத்தச் செலவு, முக்காலிக்கும் போர்வைக்கும் 45 வெள்ளி. பழைய எஸ்எம்58 மைக்கையே வைத்துக்கொள்கிறேன்.