ஸ்லோ குக்கரில் மாட்டுக்கறி சீஸ் பாஸ்தா: உங்கள் வீட்டில் எப்படிச் செய்கிறீர்கள்?

கொலம்பஸ், ஓஹாயோ

குளிர் ஆரம்பித்துவிட்டது. காலையில் ஸ்லோ குக்கரை (மெல்லிய சூட்டில் மணிக்கணக்கில் வேகவைக்கும் மின்சாரச் சட்டி) போட்டுவிட்டு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வந்து சுடச்சுடச் சாப்பிடும் காலம். எங்கள் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது கொத்துக்கறியும் மக்ரோனியும் சீஸும் சேர்ந்த சாப்பாடு. என் முறையை எழுதுகிறேன். நீங்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் எதிர்வீட்டு அமெரிக்கப் பாட்டி. அவர் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது, 1971இல், ஹாம்பர்கர் ஹெல்பர் பெட்டி அமெரிக்கா முழுவதும் கடைகளுக்கு வந்தது. கறி விலை ஏறிக்கிடந்த நேரம். ஒரு பவுண்டு கொத்துக்கறியோடு அந்தப் பெட்டியில் இருக்கும் பாஸ்தாவையும் மசாலாவையும் சேர்த்தால் ஒரு குடும்பத்துக்கே இரவுச் சாப்பாடு ஆகிவிடும். அதே 1971இல்தான் ரைவல் கம்பெனி கிராக்பாட் என்ற பெயரில் ஸ்லோ குக்கரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பாட்டி இரண்டையும் வாங்கியவர். பின்னால் பெட்டியை விட்டுவிட்டு, எல்லாவற்றையும் தானே சேர்த்துச் செய்ய ஆரம்பித்திருக்கிறார். அவர் அழுத்திச் சொன்னது ஒன்றுதான்: கறிக்கு ஒரு நேரம், பாஸ்தாவுக்கு ஒரு நேரம், சீஸுக்கு ஒரு நேரம். மூன்றையும் காலையிலேயே கொட்டிவிட்டுப் போகக்கூடாது.

ஒரு பவுண்டு, அதாவது 450 கிராம் கொத்துக்கறி. 80க்கு 20 என்று போட்டிருப்பதை வாங்குகிறேன். கொழுப்பு 20 சதவீதம். முதலில் இரும்புச் சட்டியில் பரப்பி, கிளறாமல் விட்டு, அடிப்பக்கம் நன்றாகச் சிவந்ததும் உடைத்துவிடுவேன். இதைத் தவிர்க்க வேண்டாம். ஸ்லோ குக்கர் கொதிநிலையைத் தாண்டாது. கறி சிவந்து மணக்க ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும், அது சட்டியில்தான் கிடைக்கும். கொழுப்பை வடித்துவிட்டு, அதே சட்டியில் ஒரு பெரிய வெங்காயமும் நான்கு பல் பூண்டும் வதக்குவேன். சட்டியில் ஒட்டியிருப்பதைக் கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுரண்டி அதையும் குக்கரில் சேர்த்துவிடுங்கள். ருசி முழுக்க அங்கேதான் இருக்கிறது.

அப்புறம் 28 அவுன்ஸ் நசுக்கிய தக்காளி டின் ஒன்று, இரண்டு கப் மாட்டெலும்புச் சாறு, மிளகுத்தூள், பாப்ரிகா, ஒரு மேசைக்கரண்டி வூஸ்டர் சாஸ், உப்பு. லோவில், அதாவது குக்கரின் குறைந்த சூட்டில், 6 மணி நேரம். வீட்டுக்கு வந்ததும் ஹைக்கு, அதாவது கூடிய சூட்டுக்கு மாற்றி, ஓரத்தில் குமிழி வந்த பிறகு 225 கிராம் எல்போ மக்ரோனியை வேகவைக்காமலே போட்டு, சாறுக்குள் அமுக்கிவிட்டு மூடிவிடுவேன். 20 நிமிடம் கழித்து ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். சில குக்கருக்கு 30 நிமிடம்கூட ஆகும். பதம் வந்ததும் அணைத்துவிட்டு, துருவிய செடார் சீஸ் இரண்டு கப், கிரீம் சீஸ் அரைப்பெட்டி. குக்கரில் இருக்கும் சூட்டிலேயே உருகிவிடும்.

ஸ்கார்பரோ, கனடா

அக்கா, உங்கள் பாட்டியின் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நான் அரைத்த இறைச்சி பாவிப்பதில்லை. ஸ்லோ குக்கருக்கென்றே பிறந்தது முழு இறைச்சிதான் என்பது என் எண்ணம்.

இங்கே பிளேட் ரோஸ்ட் என்று தோள்பட்டைத் துண்டு கிடைக்கும், அமெரிக்காவில் சக் ரோஸ்ட் என்பார்கள். விலை குறைவு. தசைநார் அதிகம் என்பதால் அவசரமாகச் சமைத்தால் செருப்பு மாதிரி இருக்கும். அதையே லோவில் 8 மணி நேரம் விட்டால் அந்த நாரெல்லாம் ஜெலட்டினாக மாறி, முள்ளுக்கரண்டியால் தொட்டாலே பிரிந்து வரும். குழம்புக்கும் தானாகவே ஒரு கெட்டித்தன்மை வந்துவிடும். அரைத்த இறைச்சிக்கு நீண்ட நேரம் தேவையில்லை. அது அரைபடும்போதே நார் அறுந்துவிடுகிறது.

நான் சேர்ப்பது யாழ்ப்பாணத்துக் கறித்தூள் ஒரு தேக்கரண்டி மட்டும். அதற்கு மேல் போனால் சீஸோடு சண்டை பிடிக்கும். உள்ளி நிறைய. பாஸ்தாவுக்கு ரிகட்டோனி, குழாய் மாதிரி இருப்பது. அதை அடுப்பில் தனியாக, பெட்டியில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் குறைவாக அவித்து, பரிமாறும்போதுதான் சேர்ப்பேன். எங்கள் வீட்டில் ஒருவர் ஆறு மணிக்கு வருவார், ஒருவர் ஒன்பது மணிக்கு வருவார். குக்கருக்குள்ளே பாஸ்தாவைப் போட்டால் ஒன்பது மணிக்காரருக்குக் களிதான் கிடைக்கும். இறைச்சி காத்திருக்கும், பாஸ்தா காத்திருக்காது.

எடிசன், நியூ ஜெர்சி

எங்களுக்கு ஹலால் கறிக்கடைதான். அங்கே 80க்கு 20 என்றெல்லாம் பொட்டலம் இருக்காது. தோள்பட்டைக் கறியைக் காட்டி, கொழுப்போடு சேர்த்து ஒரே ஒரு தடவை பெரிய துளையில் அரைத்துத் தரச் சொல்வேன். இரண்டு தடவை அரைத்தால் ஆறு மணி நேரத்தில் மாவாகிவிடும்; வாயில் கறி என்றே தெரியாது. பெரிய துளையில் அரைத்தது கடைசிவரை மணிமணியாக நிற்கும்.

சீஸ் வாங்கும்போது பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படிப்பேன். பாலைத் திரிக்க உதவும் ரென்னட் ஒரு காலத்தில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்துதான் எடுக்கப்பட்டது. இப்போது நுண்ணுயிரிலிருந்து வருவது பரவலாகக் கிடைக்கிறது, மைக்ரோபியல் என்றோ வெஜிடேரியன் என்றோ போட்டிருப்பார்கள். என்னைப் போலப் பார்த்து வாங்குகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன். வூஸ்டர் சாஸ் பாட்டிலையும் அதே மாதிரி பார்த்துக்கொள்ளுங்கள். என் உம்மா இங்கே வந்திருந்தபோது, சீஸ் போடுவதற்கு முன் ஒரு கிண்ணம் எடுத்து வைத்துக்கொண்டு அதைப் பரோட்டாவோடு சாப்பிட்டார். அதுவும் அருமையாகத்தான் இருந்தது.

சின்சினாட்டி, ஓஹாயோ

எங்கள் ஊரைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடிக்க விடமாட்டேன்!

மாட்டுக்கறி, சீஸ், பாஸ்தா மூன்றையும் ஒரே தட்டில் வைப்பதில் சின்சினாட்டிக்குத் தனி வழி இருக்கிறது. 1922இல் மாசிடோனியப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய கிராஜியெஃப் சகோதரர்கள் எம்ப்ரஸ் என்ற கடையைத் திறந்தார்கள். ஸ்பகெட்டியின் மேல் அவர்கள் ஊற்றிய சில்லி, அதாவது மசாலா போட்ட கொத்துக்கறிக் குழம்புதான் இன்று சின்சினாட்டி சில்லி. அதில் பட்டை, கிராம்பு, ஆல்ஸ்பைஸ் எல்லாம் உண்டு. முதல் வாய் வைத்தபோது எங்கள் வீட்டுக் கறிமசாலா வாசனை வந்தது. அன்றிலிருந்து நான் இதன் பக்கம்.

கொலம்பஸ் அக்கா கறியைச் சிவக்க வைக்கச் சொன்னார்கள். இங்கே அதற்கு நேர்மாறு. பச்சைக் கொத்துக்கறியைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டுக் கையால் நன்றாகக் கரைத்துவிட்டு, அப்படியே காய்ச்சுவார்கள். கறி கட்டிகட்டியாக இல்லாமல் மிக மெல்லிசாகப் பிரியும். சிவந்த கறியின் மணம் இதில் இருக்காது, அந்த இடத்தை மசாலா எடுத்துக்கொள்கிறது. நான் அடுப்பில் இப்படி ஒரு கொதி வரவைத்து, பிறகு ஸ்லோ குக்கருக்கு மாற்றி லோவில் விடுகிறேன். மறுநாள் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் கொழுப்பு மேலே ஆடையாகக் கட்டியிருக்கும், அதை வழித்துவிட்டுச் சூடாக்கினால் போதும்.

சீஸ் விஷயத்தில் எங்கள் ஊர் முறைதான் சரி என்பேன். அது குக்கருக்குள் போகவே போகாது. தட்டில் ஸ்பகெட்டி, அதன் மேல் சில்லி, அதன் மேல் குளிர்ந்த செடார், நூல் மாதிரித் துருவியது, மலைபோலக் குவித்து. இதற்குத் திரீ வே என்று பெயர். வெங்காயமோ பீன்ஸோ சேர்த்தால் ஃபோர் வே, இரண்டும் சேர்த்தால் ஃபைவ் வே. அடியில் இருக்கும் சீஸ் உருகும், மேலே இருப்பது அப்படியே நிற்கும். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடும் சுகமே வேறு.

மேடிசன், விஸ்கான்சின்

நான் சீஸ் ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்கிறேன். ‘சீஸ் திரிந்து, எண்ணெய் தனியாக மிதக்கிறது’ என்று நண்பர்கள் வாராவாரம் கேட்பார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சீஸ் என்பது கேசின் என்ற புரதம் பின்னிய வலை. அதற்குள் கொழுப்பும் தண்ணீரும் சிக்கியிருக்கின்றன. மிதமான சூட்டில் வலை தளர்ந்து இழுபடும். அதைத்தான் உருகுகிறது என்கிறோம். சூடு அதிகமானாலோ நெடுநேரம் நீடித்தாலோ புரதம் இறுகிச் சுருங்கி, கொழுப்பையும் தண்ணீரையும் வெளியே பிழிந்துவிடும். அதன் பிறகு எவ்வளவு கிளறினாலும் பழையபடி சேராது. தக்காளியின் புளிப்பும் இதை வேகப்படுத்தும். அதனால்தான் அணைத்த பிறகு சீஸ் போடச் சொன்ன பாட்டி கெட்டிக்காரர்.

ஓராண்டுக்கு மேல் பதப்பட்ட செடாருக்குச் சுவை அதிகம், ஆனால் சீக்கிரம் பிரியும். இளம் செடாரோ கோல்பியோ நன்றாக உருகும். கோல்பி எங்கள் மாநிலத்துச் சீஸ், 1885இல் கோல்பி என்ற ஊரிலேயே பிறந்தது. நான் முக்கால் பங்கு கோல்பி, கால் பங்கு பழைய செடார் என்று கலப்பேன்.

பையில் துருவி வருவதை வாங்காதீர்கள். ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க அதில் உருளைக்கிழங்கு மாவோ செல்லுலோஸோ தூவியிருக்கும், சாஸ் நறநறவென்று ஆகிவிடும். கட்டியாக வாங்கி நீங்களே துருவுங்கள், ஐந்து நிமிட வேலை. வெல்வீட்டா போன்ற பதப்படுத்திய சீஸ் திரியாததற்குக் காரணம் அதில் இருக்கும் பாஸ்பேட், சிட்ரேட் உப்புகள். அவை கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு கேசினைக் கரைய விடுகின்றன. சோடியம் சிட்ரேட்டைத் தனியாகவும் வாங்கலாம். 225 கிராம் சீஸுக்கு ஒரு தேக்கரண்டி போதும், எந்தச் சீஸும் வழவழவென்று வந்துவிடும். அதெல்லாம் வேண்டாம் என்றால் எவாப்பரேட்டட் மில்க் (தண்ணீரை வற்றவைத்த டின் பால்) அரை டின் ஊற்றுங்கள். சாதாரணப் பால் தக்காளியில் திரியும், இது அவ்வளவு எளிதில் திரியாது.

சிகாகோ

ஒரு சின்னச் செய்தி. ஸ்லோ குக்கர் எங்கள் ஊரில் வாழ்ந்த இர்விங் நாக்ஸன் என்பவரின் கண்டுபிடிப்பு, 1940இல் காப்புரிமை கிடைத்தது. லித்துவேனியாவின் வில்னியஸில் யூதர்கள் வெள்ளிக்கிழமை மாலையே சோலண்ட் என்ற கறி, பீன்ஸ் சட்டியை ரொட்டிக்கடை அடுப்பில் வைத்துவிட்டு, ஓய்வுநாளான சனிக்கிழமை எடுத்துச் சாப்பிடுவார்களாம். அம்மா சொன்ன அந்தக் கதைதான் அவருக்கு யோசனை தந்தது. 1970இல் கான்சஸ் சிட்டியின் ரைவல் அவருடைய கம்பெனியை வாங்கியது. நீங்கள் சொன்ன கிராக்பாட் அதன் தொடர்ச்சிதான்.

டெட்ராய்ட் பக்கம், மிச்சிகன்

மருத்துவமனைச் சமையலறையில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்லியே ஆகவேண்டும்.

உறைந்த கறியை நேராக ஸ்லோ குக்கரில் போடாதீர்கள். 4 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை கிருமி பெருகும் சூடு. உறைந்த கட்டி அந்த எல்லையைக் கடக்க மணிக்கணக்கில் ஆகும். முந்தைய இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுங்கள். கொத்துக்கறி 71 டிகிரியைத் தொட்டாக வேண்டும். குக்கரைப் பாதிக்குக் குறையாமல், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போகாமல் நிரப்புங்கள். நடுவில் மூடியைத் திறக்காதீர்கள், ஒரு தடவை திறந்தால் 20 நிமிடமாவது சமையல் பின்தங்கும்.

சில்லி மாதிரி செய்து காய்ந்த சிவப்பு ராஜ்மா போடுகிறவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடுப்பில் நன்றாகக் கொதிக்கவைத்த பிறகே குக்கரில் சேர்க்க வேண்டும், 10 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கட்டும். ராஜ்மாவில் இருக்கும் லெக்டின் என்ற புரதம் கடுமையான வாந்தியைக் கொடுக்கும். ஸ்லோ குக்கரின் மெல்லிய சூட்டில் அது அழியாது. டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது, அதற்குப் பயமில்லை.

நீங்கள் வேலையில் இருக்கும்போது மின்சாரம் போய், எவ்வளவு நேரம் போனது என்று தெரியவில்லையா? மணம் நன்றாக இருந்தாலும் கொட்டிவிடுங்கள். மனசு வராதுதான், எனக்கும் வராது.

டாலஸ், டெக்சஸ்

எங்கள் வீட்டில் மாட்டுக்கறி சாப்பிடுவதில்லை. வான்கோழிக் கொத்துக்கறி சரிவருமா? அப்புறம், மீதியை மறுநாள் அந்தக் குக்கரிலேயே சூடாக்கலாமா?

கொலம்பஸ், ஓஹாயோ

தாராளமாகச் செய்யலாம். வான்கோழியில் கொழுப்பு குறைவு என்பதால் வதக்கும்போது இரண்டு கரண்டி எண்ணெய் விடுங்கள், லோவில் 4 மணி நேரம் போதும். அது 74 டிகிரியைத் தொட வேண்டும். மீதியைக் குக்கரில் சூடாக்காதீர்கள். மிச்சிகன் தம்பி சொன்ன அதே காரணம்தான், மெதுவாக ஏறும் சூடு ஆபத்து. ஆறியதும் அகலமான டப்பாவில் ஃபிரிட்ஜுக்குப் போகட்டும். மறுநாளுக்குள் பாஸ்தா சாற்றையெல்லாம் குடித்திருக்கும். சட்டியில் போட்டு, ஆளுக்கு ஒரு குழிக்கரண்டி பால் விட்டு, சிறு தீயில் நன்றாக ஆவி வரும்வரை கிளறுங்கள். மேடிசன்காரர் சொன்ன கோல்பிக் கலவையை இந்த வாரம் செய்து பார்க்கிறேன், எதிர்வீட்டுப் பாட்டிக்கும் ஒரு கிண்ணம் போகும். அவர் என்ன சொன்னார் என்று வந்து எழுதுகிறேன்.