ஸ்கீ சீசன் பாஸ்: போட்ட காசு தேறியதா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

சாம்பார்வடை (ஃப்ரீமாண்ட்)

கிறிஸ்துமஸ் வாரம், டாஹோ பக்கத்து ஸ்கீ மலை ஒன்று. எந்த மலை என்பது வேண்டாம். இரண்டு பெரிய பாஸ்களில் எது நல்லது, எபிக்கா ஐகானா என்ற சண்டையும் இங்கே வேண்டாம், அது நடக்கிற இடத்தில் நடக்கட்டும்.

சீசன் முழுக்கச் செல்லும் பாஸை முன்பே வாங்கி வைத்திருப்பவனுக்கு டிக்கெட் ஜன்னல் பக்கம் வேலையே இல்லை. அன்று பையனின் கார்டை கேட் படிக்கவில்லை என்று மாற்றிக்கொள்ளப் போய் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு குடும்பம். அப்பா, அம்மா, இரண்டு சின்னப் பிள்ளைகள். வாடகை பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது. ஜன்னலில் இருந்த பெண் தொகையைச் சொன்னாள். ஆயிரம் டாலரை நெருங்கியது. அவர், "எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார். "இன்றைக்கு" என்றாள்.

என் பாஸோடு நண்பர்களுக்கான தள்ளுபடி டிக்கெட்டுகள் சில வரும், தெரியுமே. சும்மாதான் கிடந்தன. "என் பாஸைக் காட்டி வாங்கினால் குறையும், வாங்கித் தரட்டுமா?" என்றேன். மனிதர் என்னை மேலும் கீழும் பார்த்தார். தியேட்டர் வாசலில் பிளாக்கில் டிக்கெட் விற்கிறவனைப் பார்க்கிற அதே பார்வை. "நோ தேங்க்ஸ்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளைத் தோளோடு பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அப்புறம் நாலு பேரும் அந்த பூட்ஸோடு டக் டக்கென்று பார்க்கிங் பக்கம் போனார்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. கொலராடோவின் வெய்ல் மலையில் 2024-25 சீசனில், கூட்டம் மிகுந்த நாட்களில் ஒரு நாள் டிக்கெட் 329 டாலர். அந்த மலையை நடத்தும் கம்பெனியின் முழு எபிக் பாஸ், 2025-26 சீசனுக்கு, முதல் விற்பனையில் 1,051. நாலு நாள் போனால் லாபம் என்கிறோம். ஜன்னல் விலையை அவர்களே ஏற்றிவைத்து, அதைக் காட்டியே பாஸை விற்கும்போது, நாம் போடுகிற லாபக் கணக்குக்கு என்ன அர்த்தம்? வாங்கினவர்கள், வாங்காமல் விட்டவர்கள், உங்கள் கதையைச் சொல்லுங்கள்.


கொலராடோக்காரன் (அரோரா)

சாம்பார்வடை, 329 கொடுத்து யார் போகிறார்கள்? சீசனுக்கு முன்பே ஒரு நாள், இரண்டு நாள் என்று தனியாக விற்கிறார்களே, அதன் விலையை வைத்துக் கணக்குப் போடுங்கள். பாஸின் லாபம் பாதியாகக் கரையும். அந்தக் குடும்பத்துக்கு இது தெரியாது, அதுதான் கொடுமை.

எங்கள் ஊரில் பாஸின் மதிப்பைத் தீர்மானிப்பது மலை இல்லை, மலைக்குப் போகும் ஐ-70 நெடுஞ்சாலை. சனிக்கிழமை விடியுமுன் கிளம்பினோம். ஐசன்ஹோவர் சுரங்கத்துக்கு முன்னால், கிட்டத்தட்ட 11,000 அடி உயரத்தில், முன்னால் ஏதோ லாரி குறுக்கே திரும்பி நின்றுவிட்டது. எல்லாம் ஸ்தம்பித்தது. நல்ல பனி கொட்டுகிறது. அதாவது நாம் எந்தப் பனிக்காகப் போகிறோமோ அதே பனி நம்மைப் போகவிடவில்லை. மனைவி புளியோதரை டப்பாவைத் திறந்துவிட்டாள், காலை ஏழரைக்கு.

பக்கத்து வண்டியிலிருந்து ஒரு ஆள் இறங்கினார். பூட்ஸ் மாட்டினார். கூரையிலிருந்து ஸ்கீயை அவிழ்த்தார். சாலையோரம் பனி ஒதுக்கும் வண்டி தள்ளிவைத்திருந்த பனிமேட்டில் ஏறி, ஒரு ஆள் உயரம் இருக்கும், சர்ரென்று இறங்கினார். சுற்றியிருந்த வண்டிகளெல்லாம் ஹாரன் அடித்தன. ஸ்கீயைத் திரும்பக் கட்டிக்கொண்டே என்னைப் பார்த்துக் கத்தினார்: "இதையும் ஒரு நாளாகக் கணக்கில் சேர்த்துக்கோ!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் மனசுக்குள் பாஸ் விலையைப் போன நாட்களால் வகுக்கிற அதே கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. எங்கள் பக்கத்து மலை அரபஹோ பேசின் 2019-ல் எபிக்கை விட்டு ஏன் வெளியே வந்தது? பாஸ்காரர்கள் வந்து குவிந்து வண்டி நிறுத்த இடமில்லை, வழக்கமாக வருகிறவர்கள் திரும்பிப் போகிறார்கள் என்றுதான். அப்புறம் ஐகானில் சேர்ந்தபோது ஒருவருக்கு இத்தனை நாள்தான் என்று கட்டு வைத்தார்கள். கடைசியில் 2024-ல் ஐகான் கம்பெனியான ஆல்டெராவே மலையை வாங்கிவிட்டது, அது வேறு கதை. கூட்டம் என்பது பாஸின் விலையில் எழுதாமல் விட்ட பாதி.


ஸ்காபரோ அப்பா

நான் ஸ்கீ செய்யத் தெரியாத ஆள். மகளுக்காகப் பாஸ் வாங்கினது. ப்ளூ மவுண்டனை மலை என்று சொன்னால் கொலராடோ ஆட்கள் சிரிப்பினம், உச்சியிலிருந்து அடிவாரம் 720 அடிதான். ஆனால் ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணித்தியாலம். பள்ளிக்கூடம் விட்டாலும் போகலாம்.

ஜனவரியில் ஒரு நாள். போய்ச் சேர மழை. பனியில்லை, மழை. ஒன்ராறியோவில் இருக்கிறவைக்கு விளங்கும். டிக்கெட் எடுத்து வந்த சனம் எல்லாம் காசு போச்சே என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே இருந்து பொரித்த உருளைக்கிழங்கு சாப்பிட்டது. நான் தேத்தண்ணிப் போத்தலோடு ஜன்னலோரம். மகள் எங்கேயோ போய்க் கறுப்புக் குப்பைப் பை ஒன்று வாங்கி வந்தாள். அடியில் தலைக்கு ஒரு ஓட்டை, பக்கத்தில் கைக்கு இரண்டு. ஜாக்கெட்டுக்கு மேல் போட்டுக்கொண்டு, "அப்பா, இரண்டு தரம் போயிட்டு வாறன், பிடிக்காட்டி வீட்டை போவம்" என்றாள்.

ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். சரிவு முழுக்க வெறிச். அந்தக் கறுப்புப் பை மட்டும் காற்றில் ஊதிக்கொண்டு இறங்கி வருகுது. இரண்டு தரம் என்றவள் இருட்டும் வரை வரவில்லை. அண்டைக்குத்தான் அவள் ஸ்கீயை ஒழுங்காகத் திருப்பப் பழகினவள் என்று பிறகு அவளே சொன்னாள்.

டிக்கெட் எடுக்க வேண்டி இருந்திருந்தால் அந்த மழைக்கு நான் வண்டியைத் திருப்பியிருப்பேன். நீங்கள் லாபக் கணக்குப் பாருங்கோ, எனக்கு அந்தக் கணக்கு விளங்காது.


எக்செல் மாமா (சான் ஹோசே)

ஒருமுறை கர்க்வுட் மலைக்குப் போய், பலத்த காற்றில் ஆட்களை மேலே ஏற்றும் லிஃப்ட் எல்லாம் நின்று, சும்மா திரும்பி வந்தோம். அவ்வளவுதான் என் அனுபவம். ஆனால் எல்லோரும் தவறாகக் கணக்குப் போடுகிறீர்கள் என்பதால் சொல்கிறேன்.

பாஸ் விலையை மொத்த நாட்களால் வகுப்பது தப்பு. பாஸ் இல்லாவிட்டாலும் எத்தனை நாள் போயிருப்பீர்கள், பாஸ் இருப்பதால் கூடுதலாக எத்தனை நாள் போனீர்கள், இரண்டையும் பிரிக்க வேண்டும். கூடுதலாகப் போன ஒவ்வொரு நாளும் இலவசம் இல்லை. பெட்ரோல், தங்குமிடம், வாடகைச் சாமான், மலையில் விற்கிற பர்கர் எல்லாம் அதில் உண்டு. பாஸை மலிவாகக் கொடுத்து மற்றதில் பிடிப்பதுதான் வியாபாரமே. வாடகைச் சாமானை அன்றன்று மலையில் எடுக்காதீர்கள், ஊரில் உள்ள கடையில் சீசன் முழுக்க எடுங்கள்.

விலை வரலாறும் பாருங்கள். எபிக் 2008-ல் வந்தபோது 579 டாலர். படிப்படியாக ஏறி, 2021-ல் திடீரென்று 20 சதவீதம் குறைத்து 783 ஆக்கினார்கள், 2025-26 சீசனுக்கு 1,051. ஐகான் 2018-ல் 899-க்கு ஆரம்பித்தது, 2025-26 சீசனுக்கு முதல் விலை 1,329. எல்லாம் மார்ச், ஏப்ரலில் வாங்கினால் வரும் விலை. அப்புறம் கட்டம் கட்டமாக ஏறும். டிசம்பர் தொடக்கத்தோடு விற்பனையே முடிந்துவிடும். ஏன்? பனி எப்படி விழும் என்று தெரிவதற்குள் உங்கள் பணம் அவர்கள் கைக்குப் போய்விட வேண்டும். பனி பொய்த்தால் அந்தக் கவலை உங்களுடையது.

குறைந்த விலைப் பாஸ்களில் பிளாக்அவுட் தேதி, அதாவது பாஸ் செல்லாத நாட்கள், பாருங்கள். கிறிஸ்துமஸ் வாரம், மார்ட்டின் லூதர் கிங் வார இறுதி, பிரசிடெண்ட்ஸ் டே வார இறுதி. பள்ளி விடுமுறை விடுகிற அதே நாட்கள். பிள்ளை இல்லாதவர்களுக்கு அது நல்ல பேரம், உங்களுக்கு இல்லை. டாஹோ போகும் ஐ-80 நெடுஞ்சாலையில், பனி நாளில் ஆர்-2 என்று பலகை போட்டால் நாலு சக்கர இழுவையும் நாலிலும் பனி டயரும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டயருக்குச் செயின். ஓரமாக எண் போட்ட மேலங்கியோடு நிற்பவர்கள் காசு வாங்கிக்கொண்டு மாட்டித் தருவார்கள், செயின் அவர்கள் விற்க மாட்டார்கள், நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். வார இறுதியில் சில மலைகளில் பார்க்கிங்குக்கு முன்பதிவு வேண்டும், பாஸ் இருந்தாலும். கைக்குழந்தைகளுக்குப் பாஸ் வாங்கவே வேண்டாம், நாலு வயது வரை பல மலைகளில் இலவசம். கொலராடோவில் ஐந்தாம் வகுப்பு வரை பிள்ளைகளுக்கு இலவச நாட்கள் தருகிற திட்டமும் இருக்கிறது, முன்கூட்டிப் பதிய வேண்டும். என் எக்செல் ஷீட் வேண்டுமானால் தனிச்செய்தியில் கேளுங்கள்.


சாம்பார்வடை (ஃப்ரீமாண்ட்)

மாமா, நான் கேட்டது அனுபவம். செயினை எப்படி மாட்டுவது என்று அடுத்து எழுதிவிடாதீர்கள்.

கொலராடோக்காரன், ஒப்புக்கொள்கிறேன், முன்கூட்டி வாங்கும் நாள் டிக்கெட்தான் சரியான ஒப்பீடு. ஆனால் ஸ்காபரோ அண்ணா சொன்னதற்கு அதில் இடமில்லையே. தாம்பரம்–பீச் சீசன் டிக்கெட் வைத்திருந்தபோது, மாம்பலத்தில் சும்மா இறங்கி ஒரு காபி குடித்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறலாம். பாஸும் அந்த மாதிரிதான். காலையில் இரண்டு தடவை சறுக்கல், முட்டி வலித்தால் வீட்டுக்கு. டிக்கெட் எடுத்தவன் நாலு மணி வரை பல்லைக் கடித்துக்கொண்டு சறுக்குவான்.


முட்டி_போச்சு (சால்ட் லேக்)

"முட்டி வலித்தால் வீட்டுக்கு." நல்லா சொன்னீங்க. என் கதையைக் கேளுங்கள்.

ஜனவரி. ஸ்கீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், முட்டி மூன்றாவது பக்கம். மலையில் அடிபட்டவர்களை மீட்கிற ஸ்கீ பேட்ரோல் பெண் ஒருத்தி வந்தாள். ஸ்லெட்டில் படுக்கவைத்துப் பட்டையால் கட்டிக்கொண்டே, நான் மயங்கிவிடக் கூடாது என்று பேச்சுக் கொடுக்கிறாள். பெயர் என்ன, எந்த ஊர், கூட யார் வந்தது. அப்புறம், "டே டிக்கெட்டா, சீசன் பாஸா?" என்றாள். சீசன் பாஸ் என்றேன். கட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்து, "ஐயோ, ஜனவரியிலேயா!" என்றாள் பாருங்கள். காலுக்கு அவள் அப்படி வருத்தப்படவில்லை. லிஃப்ட் வரிசையைத் தாண்டி என்னை இழுத்துக்கொண்டு போகும்போது வரிசையில் நின்ற எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஸ்லெட்டிலிருந்து பார்த்தால் எல்லோருக்கும் மூக்குத் துவாரம்தான் தெரிகிறது.

இப்போது எபிக் பாஸோடு காப்பீடு சேர்ந்தே வருகிறது. 2020 மார்ச்சில் கோவிட் வந்து எல்லா மலையும் மூடியபோது பாஸ்காரர்கள் போட்ட சத்தத்துக்குப் பிறகு வந்த ஏற்பாடு அது. காயம் பட்டால் திரும்பத் தருவார்கள், ஆனால் நீங்கள் ஏற்கெனவே சறுக்கின நாட்களைக் கழித்துக்கொண்டு. நான் டிசம்பர் முழுக்க வெறி பிடித்துப் போயிருந்தேன். அதனால் வந்த தொகையில் முட்டிக்கு ஒரு பெல்ட்டும், ஒரு பிரியாணியும். மாமா, இதை உங்கள் ஷீட்டில் எந்தக் கட்டத்தில் போடுவது?


லொசான் பிள்ளை

நீங்கள் சொல்லுற விலையைக் கேட்டால் இங்கே யாரும் நம்பமாட்டினம். சுவிஸில் நாள் டிக்கெட்டே உங்கள் விலையில் சின்னப் பங்குதான். அதனால் உங்கள் நாலு நாள் கணக்கு இங்கே பொருந்தாது.

2016-ல் இங்கத்தைய சாஸ்-ஃபே என்ற ஸ்கீ ஊர் சீசன் கார்டை 222 பிராங்குக்கு அறிவித்தது, 99,999 பேர் வாங்கினால்தான் தருவோம் என்று. அத்தனை பேர் சேரவில்லை, இருந்தும் கொடுத்தார்கள். அடுத்த வருடம் எங்கள் பிரெஞ்சுப் பக்கத்துச் சின்ன மலைகள் சேர்ந்து மேஜிக் பாஸ் தொடங்கின, தொடக்க விலை 359 பிராங்க். இப்போது அதைவிடக் கூட, மலைகளும் பல மடங்கு.

நான் மறக்காதது ஒரு தாழ்ந்த மலை, பெயர் சொல்லவில்லை. பிப்ரவரியிலேயே பச்சைப் புல். நடுவில் மெஷின் பனியால் ஒரு வெள்ளைக் கோடு. இழுவை லிஃப்டைப் பார்த்துக்கொண்டிருந்த வயதான மனிதர் என் கார்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "மேஜிக்கா? எங்கே இருந்து?" என்றார். லொசான் என்றேன். "லொசானிலிருந்து இதற்கா வந்தாய்!" என்று சிரித்துவிட்டு, உள்ளே போய் எனக்கும் ஒரு கோப்பை சூடான வைன் கொண்டுவந்தார். காலை பத்து மணி. பாஸ் இல்லாவிட்டால் அந்தக் கிராமத்தின் பெயரே எனக்குத் தெரிந்திருக்காது.


புதுசு_சியாட்டில்

எல்லாம் படித்தேன். இன்னும் குழம்பிவிட்டேன். ஞாயிறு இரவோடு விலை ஏறுகிறதாம். கணவர் வாங்கு என்கிறார். எனக்கு ஸ்டீவன்ஸ் பாஸ் என்ற எங்கள் பக்கத்து மலையில் 2021-22 சீசனில் ஆள் பற்றாக்குறையால் பாதி லிஃப்ட் ஓடாமல், ஆயிரக்கணக்கானவர்கள் மனுவில் கையெழுத்துப் போட்டது ஞாபகம் வருகிறது. அந்த சீசன்தானே எபிக் விலையை 20 சதவீதம் குறைத்தது? யாராவது ஒரு வார்த்தை: வாங்கலாமா, வேண்டாமா?


கொலராடோக்காரன் (அரோரா)

சகோதரி, அதே சீசன்தான். உங்கள் வீட்டிலிருந்து மலைக்கு எவ்வளவு நேரம், வெள்ளிக்கிழமை லீவு போட முடியுமா, வண்டியில் என்ன டயர்? மூன்றுக்கும் பதில் சொல்லுங்கள், சொல்கிறேன். பாஸ் பெயரைச் சொல்லவே வேண்டாம்.


எக்செல் மாமா (சான் ஹோசே)

அவர் கேட்டதோடு உங்கள் பிள்ளைகளின் வயதையும் சொல்லுங்கள். ஷீட் அனுப்பிவிட்டேன்.